மேஜை நடுவில் ஒரு நீலப் பூசணி

ஆர்லிஸ் டோலஃப்சனுக்குக் கைவேலை சுட்டுப்போட்டாலும் வராது. இதை ஊரார் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிக்கொண்டு திரிவாள். "ஆண்டவர் எனக்குக் கை கொடுக்கும்போதே ஸ்டீயரிங் அளவு பார்த்துத்தான் கொடுத்தார். மத்த எதுவும் அதுல நிக்காது" என்பாள். டோர்வல் பள்ளிக்கூடத்துப் பேருந்தை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவள். உறைந்து கிடக்கும் மண்சாலையில் அந்த நாற்பதடி மஞ்சள் வண்டியை ரிவர்ஸில் எடுத்து, பாலத்துக் கைப்பிடியில் ஒரு கீறல் விழாமல் திருப்பிக் காட்டுவாள். ஆனால் ஒரு பிறந்தநாள் பரிசைக் காகிதத்தில் சுற்றச் சொன்னால், கால் முறிந்தவனுக்கு மாவுக்கட்டு போட்ட மாதிரிதான் வரும். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நடுவில் முப்பத்தைந்து வருஷமாக இருந்தவை உப்பு டப்பா, மிளகு டப்பா, கணவன் கேலனின் மாத்திரைப் பெட்டி, ஒரு டார்ச் லைட்.

அப்பேர்ப்பட்டவள் அந்த அக்டோபரில், 'எளிய இலையுதிர்கால மேஜை அலங்காரம்' சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் ஊற்றுவதை நிறுத்தினார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. மின்னசோட்டாவின் இந்த மேற்குக் கோடியில் நாங்கள் யாரையும் எதுவும் கேட்கமாட்டோம். வீட்டுக்குப் போய் யோசிப்போம், அவ்வளவுதான்.

காரணம் டெல்மர், அவளுடைய அண்ணன். அரை மைல் தள்ளி, அப்பா காலத்துப் பண்ணை வீட்டில் இருக்கிறான். ஆறு வருஷமாகத் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு இந்த வருஷம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை, அவன் மனைவி லவோன்தான் போன் போட்டுச் சொன்னாள்.

"ரெண்டே பேருக்கு ஒரு முழு வான்கோழியை ஆக்கி வெச்சு, ஜனவரி வரைக்கும் அதையே தின்னுட்டு இருக்க என்னால ஆகாது ஆர்லிஸ். இந்த வருஷம் அவனை இழுத்துட்டு வர்றேன். ஆனா ஒண்ணு. பூசணியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காத. திறந்தேன்னா எந்திரிச்சுப் போயிடுவான். போனான்னா அப்புறம் உன் சாவுக்குத்தான் வருவான்."

"அதுக்காவது வருவானா?"

"ரோடு நல்லா இருந்தா வருவான்."

போனை வைத்துவிட்டு ஆர்லிஸ் அழுதாள். அறுபத்தொரு வயதில், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கேலனின் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி அழுதாள். அப்புறம், "அண்ணன்காரன் சோறு திங்க வர்றான்னு அழுற ஒரே கழுதை நானாத்தான் இருப்பேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

பூசணி விவகாரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களும் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு நீலப் பூசணி இருந்தது. நீலம் என்றால் சாம்பல் பூத்த நீலம். உடம்பெல்லாம் மரு. ஓடு கோடாலிக்குத்தான் மசியும். ஆனால் உள்ளே நல்ல ஆரஞ்சுச் சதை, வேகவைத்தால் மாவு மாவாக, சர்க்கரை போடாமலே தித்திக்கும். வருஷா வருஷம் நல்ல காயாகப் பார்த்து விதை எடுத்துக் காபி டப்பாவில் போட்டுவைப்பது டெல்மரின் பொறுப்பு. அதில் யாரையும் கைவைக்க விடமாட்டான்.

ஏழு கோடைக்கு முன்பு ஆர்லிஸுக்குக் கிறுக்குப் பிடித்தது. மாவட்டக் கண்காட்சியில் ராட்சதப் பரங்கிப் போட்டி. எங்கிருந்தோ விதை வரவழைத்து நட்டாள், பாலைக்கூட ஊற்றி வளர்த்தாள். பரங்கி கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெடித்துப்போனது. போனால் போகிறது. ஆனால் அந்தக் கோடை முழுக்கத் தேனீக்கள் அவள் தோட்டத்துக்கும் அண்ணன் தோட்டத்துக்கும் போய்வந்து, பரங்கி மகரந்தத்தை அவன் பூசணிப் பூவில் கொட்டிவிட்டிருந்தன. அந்தக் காய்களின் விதையை நட்டபோது மறுவருஷம் டெல்மரின் கொடியில் விளைந்தது எல்லாமே கலப்படம். ஒன்று ரோஸ் நிறம், ஒன்று வெளிறிய நீலம், எதை அறுத்தாலும் தண்ணீரும் நாரும். டப்பாவில் பழைய விதை ஒன்றுகூட மிச்சம் வைத்திருக்கவில்லை.

வேகவைத்த துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு டெல்மர் தங்கை வீட்டுக்கு வந்தான். அவள் ஒரு வாய் தின்று பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கு" என்றான் டெல்மர்.

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. சாப்பாடோ தொப்பியோ புது மருமகளோ, எதையும் மோசம் என்று சொல்லமாட்டோம். வித்தியாசமாக இருக்கிறது என்போம், கேட்டவர் வீட்டுக்குப் போய் அழுவார்.

"வெறும் பூசணிதானே" என்றாள் ஆர்லிஸ்.

சண்டை அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போனவன்தான், ஆறு வருஷம். 'வெறும்' என்று ஏன் சொன்னோம் என்று அவள் எத்தனை காலை பஸ்ஸின் என்ஜினைச் சூடேற்றியபடியே தன்னைத் தானே நொந்துகொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை. இங்கே சாலையில் எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். ஜென்மப் பகையாளிக்கும் அந்த ஒரு விரல் உண்டு. டெல்மரும் பேருந்து எதிரே வந்தால் தூக்குவான். "அது பஸ்ஸுக்குத் தூக்குறான், எனக்கில்ல" என்பாள் ஆர்லிஸ். சோதித்தும் பார்த்துவிட்டாள். அவள் சொந்தக் காரில் போகும்போதெல்லாம் அவனுக்குச் சரியாக அந்த இடத்தில் மூக்கு அரித்தது.

அதனால்தான் மேஜை அலங்காரம். அண்ணன் வந்து உட்காரும்போது டார்ச் லைட்டையும் மாத்திரைப் பெட்டியையும் பார்க்கக்கூடாது. நீ வருவதற்காக நான் மெனக்கெட்டேன் என்று அந்த மேஜை சொல்ல வேண்டும். வாயால் சொல்லும் வழக்கம்தான் அந்தக் குடும்பத்தில் இல்லையே.

வகுப்பெடுத்தது பூக்கடை மார்னா. ஆளுக்கொரு தாள் கொடுத்தாள், ஏழு படிகள். முதல் படி, ஒரு நாயகக் காயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பரிவாரம். வேலியோரக் கொடியில் காய்க்கும் சிவப்பு மணிகள், ஓக் இலை, கோதுமைக் கதிர், சின்ன ஆப்பிள், கிரான்பெர்ரி, கையில் கிடைத்தது எதுவானாலும் சரி.

"எல்லாத்தையும்விட முக்கியம் உயரம்" என்றாள் மார்னா. "சாப்பிட உட்கார்றவங்க முழங்கையை மேஜையில ஊனி முஷ்டியை நிமிர்த்துங்க. அதுக்கு மேல ஒரு இலைகூடப் போகக்கூடாது. எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி தெரியணுமில்ல."

ஆர்லிஸ் இதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். அன்று வகுப்பில் அவள் செய்ததை மார்னா வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கு ஆர்லிஸ்."

"எருமை உட்கார்ந்து எந்திரிச்ச மாதிரி இருக்குன்னு நேரா சொல்லேன். எனக்குக் கண்ணு இருக்கு" என்றாள் ஆர்லிஸ். கூடம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றுபோனது.

நன்றி நாள் வாரத்தில் எல்லாமே கோணலாகப் போயிற்று. வாசலில் சேர்த்துவைத்திருந்த குட்டிச் சுரைக்காய்களை மான்கள் வந்து தின்றுவிட்டன. நாயகனாக இருக்கட்டும் என்று கடையிலிருந்து வாங்கிவந்த அழகான ஆரஞ்சுப் பரங்கியை, ஆர்வக்கோளாறில் ஞாயிற்றுக்கிழமையே குடைந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை அது கன்னம் ஒட்டிப்போய் முனகியது. புதன்கிழமை காலை கேலன் அதை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டினான்.

புதன் மத்தியானம், கதிரும் இலையும் ஆப்பிளும் மேஜையில் பரப்பியிருக்க, நாயகன் இல்லாமல் ஆர்லிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போதுதான் கார் கொட்டகை அலமாரி ஞாபகம் வந்தது. குப்பை மக்கும் குழியில் வருஷா வருஷம் தானாக ஒரு கொடி முளைக்கும். யாரும் நடுவதுமில்லை, கவனிப்பதுமில்லை. இந்த வருஷம் அதில் ஒன்றே ஒன்று காய்த்தது. இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடியும். சாம்பல் நீலம், அங்கங்கே மரு, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. தூக்கிவந்து மேஜை நடுவே ஒரு பலகையில் வைத்தாள். வைத்ததும் மற்றதெல்லாம் தானாகப் போய் அதன் காலடியில் உட்கார்ந்தது போல் இருந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக ஆர்லிஸ் செய்த ஒரு பொருள், அது என்ன பொருளோ அதைப் போலவே இருந்தது.

சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. எதுவும் விழக்கூடாதென்று, சூடேற்றி ஒட்டும் பசைத் துப்பாக்கியை எடுத்து, இலையைக் காயோடு, காயைப் பலகையோடு, கதிரை இலையோடு ஒட்டித் தள்ளினாள். கடைசியில் உயரம் பார்க்க வேண்டுமே.

"கேலன், இங்க வந்து உட்காரு. முழங்கையை ஊனு. முஷ்டியை நிமிர்த்து."

கேலன் ஆறடி நாலங்குலம். கல்யாணத்தன்று தேவாலயத்து விளக்கில் தலை இடித்துக்கொண்டவன். அவன் முஷ்டிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது அலங்காரம்.

"கரெக்டா இருக்கு!" என்று கைதட்டினாள் ஆர்லிஸ்.

வியாழன் பகல் பன்னிரண்டரைக்கு வான்கோழி பொன்னிறமாக அடுப்பில் இருந்தது. ஜன்னலோரம் நின்ற கேலன், "டெல்மர் வண்டி" என்றான். பிறகு திரும்பி மேஜையைப் பார்த்தான். அவன் ஒரு நாளைக்குப் பேசுவதே இருபது வார்த்தை, அதில் நாலை இப்போது செலவழித்தான்.

"அது அந்தப் பூசணி வம்சந்தானே?"

ஆர்லிஸ் மேஜையை மறுபடி பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு, அண்ணன் தட்டோடு வந்துபோன அன்று, அவன் காலையில் கொடுத்தனுப்பியிருந்த இன்னொரு பூசணியை ஆத்திரத்தில் குப்பைக் குழியில் எறிந்தது அவள்தான். அந்த விதைதான் வருஷா வருஷம் முளைக்கிறது. எதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே என்று லவோன் சொன்னாளோ, அதையே தலைப்பாகை கட்டி மேஜை நடுவில் உட்காரவைத்திருக்கிறாள்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"கையைத்தானே கேட்ட."

திட்ட நேரமில்லை. தூக்கப் பார்த்தாள். பலகையோடு மேஜைவிரிப்பும் சேர்ந்து எழுந்தது, தட்டுகள் நகர்ந்து ஒன்றோடொன்று மோதின. பசை பலகையிலிருந்து வழிந்து துணியை மேஜையோடு பிடித்துக்கொண்டிருந்தது. "கைவேலை வராதவளுக்கு இன்னைக்குப் பார்த்து வந்து தொலைஞ்சிருக்கு!" என்று பல்லைக் கடித்தாள். வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மீதி இருந்த சோளத்தட்டை, ஓக் கிளை, கோதுமைக் கட்டு எல்லாவற்றையும் வாரி அந்த நீலம் தெரியாதபடி மேலே செருகினாள். டெல்மரும் லவோனும் உள்ளே வந்தபோது மேஜை நடுவில் ஒரு சின்ன வைக்கோல்போர் நின்றது.

லவோன் அதைப் பார்த்தாள். ஆர்லிஸைப் பார்த்தாள். "அடேயப்பா" என்றாள். டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, "நல்ல வாசனை" என்றான். இளைத்திருந்தான். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. அரை மைல் தூரத்தில் இருந்துகொண்டு இதெல்லாம் எப்போது நடந்தது என்று ஆர்லிஸுக்குப் புரியவில்லை.

கேலன் ஒரு முனை, லவோன் ஒரு முனை, அண்ணனும் தங்கையும் எதிரெதிரே. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஆர்லிஸுக்கு இலைகளுக்கு நடுவே அண்ணனின் ஒரு காது மட்டும் தெரிந்தது. கேலன் ஜெபம் சொன்னான். வான்கோழி சுற்றி வந்தது.

"ரோடு எப்படி இருந்துச்சு?" என்றான் கேலன்.

"பரவால்ல. பாலத்துக்கிட்ட கொஞ்சம் வழுக்குச்சு" என்றது வைக்கோல்போர்.

அரை மைல் சாலையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்கள். அப்புறம் மான் தொல்லை. அப்புறம் பேச ஒன்றுமில்லாமல் முள்கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்லிஸ் தன் மனசுக்குள் ஒவ்வொரு நிமிஷமாக எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் அரைமணி தாக்குப்பிடித்தால் பை என்கிற இனிப்புப் பணியாரம், காபி, கிளம்பிவிடுவார்கள். அடுத்த வருஷமும் வருவான்.

ஒரு சோளத்தட்டை நழுவி உருளைக்கிழங்கில் விழுந்தது. விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரிந்தது, நடுவில் ஒரு பெரிய மருவோடு. தெரிந்தது டெல்மர் பக்கம்.

"ஆர்லிஸ்."

"ம்."

"இது அதுதானே."

லவோனின் முள்கரண்டி பாதியில் நின்றது. ஆர்லிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதிரே முகம் இருந்திருந்தால் அவளுக்கு வார்த்தை வந்திருக்காது, சத்தியமாக வந்திருக்காது. ஆனால் எதிரே இலைதான் இருந்தது.

"அதுதான். வேணும்னு வைக்கல டெல்மர், எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. புத்தி கெட்டுப்போய் எடுத்து வெச்சுட்டேன், ஒட்டியும் தொலைச்சுட்டேன். தப்பு அன்னைக்கும் என்னுதுதான். அந்தப் பாழாப்போன பரங்கியை நட்டது நான். நீ தட்டோட வந்து நின்னப்ப 'வெறும் பூசணி'ன்னு சொன்னதும் நான்தான். என் வாயில பசையைப் போட்டு ஒட்டியிருக்கணும். ஆறு வருஷமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சுப் போறதுன்னா போ, ஆனா பையையாவது எடுத்துட்டுப் போ."

நாற்காலி நகரும் சத்தம் கேட்கப் போகிறது என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

"நானும் போட்டிருந்தேன்" என்றது இலைக்கு அந்தப் பக்கம்.

"என்ன போட்டிருந்த?"

"சோளக் கொட்டகைக்குப் பின்னாடி. மூணு குழி. தலையில பச்சைத் தொப்பி வெச்ச மாதிரி ஒரு சின்ன பூசணி வருமில்ல, அது. தபால்ல விதை வந்துச்சு, சும்மா போட்டுப் பார்ப்பமேன்னு."

"எப்ப?"

"அதே கோடைதான். அதுவும் நம்ம பூசணியோட கலக்கும். அப்ப எனக்குத் தெரியாது. உன்கிட்ட வந்துட்டுப் போன மறுவாரம் புஸ்தகத்துல பார்த்தேன்."

"மறுவாரமேவா?"

"செவ்வாய்க்கிழமை."

ஆர்லிஸ் எழுந்தாள். வைக்கோல்போருக்கு மேல் அவள் தலை தெரிந்தது. "ஏன்டா டெல்மர்! ஆறு வருஷம்! நான் ஒவ்வொரு நன்றி நாளுக்கும் உனக்குன்னு ஒரு பை பண்ணி, கொடுக்கத் தைரியமில்லாம இந்த மனுஷனுக்கே போட்டு, அவனுக்குச் சுகர் ஏறி மாத்திரை முழுங்கிட்டு இருக்கான்! செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருக்கு, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"என்கிட்டகூடச் சொல்லலையே பாவி!" என்றாள் லவோன். "கோவத்துல இருக்கான், கோவத்துல இருக்கான்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"கோவம் ஒரு வாரந்தான்" என்றான் டெல்மர். "அப்புறம் வெட்கமா இருந்துச்சு. பஸ்ஸைப் பார்த்தா இன்னும் வெட்கம்."

லவோன் பொறுமை இழந்து எழுந்தாள். "முதல்ல இந்தக் குப்பையை எடுத்துக் கீழ வைங்க. மூஞ்சியப் பார்த்தாவது பேசுங்க ரெண்டு பேரும்."

"வேணாம், இருக்கட்டும்!" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது.

ஆர்லிஸ் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் டெல்மர் மூக்கை உறிஞ்சினான். இந்தப் பக்கம் அவளும் உறிஞ்சினாள். கேலன் ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தான். அப்படியே, இலைக்கு இலை பேசிக்கொண்டு, சாப்பாட்டை முடித்தார்கள்.

பை வருவதற்கு முன்பு டெல்மர்தான் கேட்டான், "உடைச்சுப் பார்த்திருக்கியா?"

இல்லை என்றாள். உடைத்தால் தெரியுமே, யார் பக்கத்துக் கலப்படம் என்று. பரங்கி என்றால் வெளிறி, நீராக இருக்கும். அவனுடைய பச்சைத் தொப்பி என்றால் நல்ல நிறமாக, கெட்டியாக இருக்கும். அதற்கப்புறம் பொறுக்குமா? கேலன் கத்தியால் விரிப்பைச் சுற்றி அறுத்தான். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒட்டிய பலகையும் இலையும் கோதுமையும் துணித்துண்டுமாக அதை வாசலுக்குத் தூக்கிப்போனார்கள். எங்கள் ஊரில் இந்த மாதிரிக் கெட்டி ஓட்டுப் பூசணியைக் கத்தியால் அறுக்கமாட்டோம், உயரத்திலிருந்து சிமெண்டுப் படியில் போடுவோம். முதல் தடவை அது பலகையை மட்டும் உதறிவிட்டு உருண்டது. இரண்டாம் தடவை கேலனின் பூட்ஸில் விழுந்தது. மூன்றாம் தடவை இரண்டாகப் பிளந்தது. ஆர்லிஸ் ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டுச் செய்த அலங்காரம் பனியில் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். வெளிறிய மஞ்சள். ஈரம். நார் நாராகத் தொங்கியது. சந்தேகத்துக்கே இடமில்லை, பரங்கிதான். ஆர்லிஸின் சிரிப்பு நின்றது.

டெல்மர் வெகுநேரம் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன் என்று இந்த மாவட்டத்திலேயே பெயர் வாங்கியவன். பிறகு காம்பருகே விரலை வைத்தான்.

"இதோ பாரு, இங்க ஒரு பச்சை. இது என்னுது."

"அது பூஞ்சணம்" என்றான் கேலன்.

"என்னுது" என்றான் டெல்மர், சத்தமாக. அவன் முகமெல்லாம் சிவந்திருந்தது.

ஆர்லிஸ் பிளந்த பாதியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். வெந்ததும் வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் கொட்டி, நாலு தட்டில் போட்டாள். தின்றால் ஈரத்துணியைச் சப்பியது போல் இருந்தது. இந்த முறை மேஜை நடுவில் ஒன்றும் இல்லை. டெல்மர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றான், விழுங்கினான்.

"வித்தியாசமா இருக்கு" என்றான்.

சொல்லிவிட்டுக் காலித் தட்டை நீட்டினான். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லாமல், யாரும் கேட்காமல், எங்கள் ஊரில் யாரும் இரண்டாம் தடவை தட்டு நீட்டி நான் பார்த்ததில்லை. லவோன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லிஸ் கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள். அவன் அதையும் தின்று தீர்த்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பாலத்துக்குப் பக்கத்தில், டெல்மரின் வண்டி பேருந்துக்கு எதிரே வந்தது. அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். விரலை இல்லை, கையை, ஐந்து விரலையும் விரித்து, தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். ஆர்லிஸ் திகைத்துப்போனாள். பாலத்துக் கைப்பிடியில் இருபத்தாறு வருஷத்தில் முதல் கீறல் விழுந்தது அன்றுதான்.

சாயங்காலம் அவள் வீட்டுப் போன் அடித்தது.

"நான் கையைத் தூக்கினேன். நீ தூக்கல" என்றது அண்ணன் குரல்.

"தூக்கலதான்" என்றாள் ஆர்லிஸ். "பயந்துட்டேன்டா. உனக்கு ஏதோ ஆயிடுச்சு, உதவிக்குக் கூப்பிடுறேன்னு நினைச்சேன்."



"நாளைக்கும் தூக்குவேன்" என்றான் டெல்மர். "கையை ரெடியா வெச்சிரு."